நீலமூடிக் குப்பியின் நுரை

குப்பியைத் தலைகீழாகப் பிடித்து, சிரிஞ்சின் தண்டை மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருந்தன அந்தக் கைகள். இழுப்பதற்கு முன் குப்பிக்கு ஒரு தட்டு, இழுத்த பின் சிரிஞ்சுக்கு ஒரு சுண்டு, குமிழி மேலே ஏறியதும் ஒரு துளியை வெளியே தள்ளுவது. இருபத்தாறு வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் செய்த வேலை. கண்ணை மூடிக்கொண்டு செய்தாலும் தப்பாது. கண்ணைத் திறந்து வைத்திருந்ததுதான் வம்பாகிவிட்டது.

மஞ்சள்மூடிக் குப்பியைத் தட்டினால் உள்ளே இருந்தது பச்சைத் தண்ணீர் மாதிரி சும்மா கிடந்தது. நீலமூடிக் குப்பியைத் தட்டினால் ஓரத்தில் மெல்லிசாக நுரை கட்டி, அரை நிமிஷம் நின்று, பிறகு கரைந்தது. முதல் நான்கு நாள் அதை அவள் கவனிக்கவில்லை. ஐந்தாம் நாள் கவனித்தாள். இன்று ஒன்பதாம் நாள். இப்போது கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

ஆராய்ச்சிக்கான எலிகளை வளர்க்கும் அந்த அனிமல் ஹவுஸில் அவளை எல்லோரும் ‘சிஸ்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். நோயாளிகளைத் தூக்கித் தூக்கி இடுப்பு போய், வார்டை விட்டு இங்கே வந்தவள். “அங்க ஒரு ஆளைப் புரட்ட ரெண்டு பேர் வேணும். இங்க ஒரு ஆள் இருபது கிராம். இதை விடப் பெரிய பிரமோஷன் யாருக்குக் கிடைக்கும்?” என்று சேர்ந்த அன்றே சொன்னாள். எலி என்றால் ஐயோ பாவம் என்று உருகுகிற ஜாதியும் இல்லை, அருவருக்கிற ஜாதியும் இல்லை. நடக்க முடியாத எலிக்குத் தீனியை ஊறவைத்துத் தரையிலேயே வைப்பாள், மூத்திரம் முட்டி நின்றால் வயிற்றை மெல்ல அழுத்தி வெளியேற்றுவாள், கையைக் கழுவிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போவாள்.

அந்த அறையில் ஆறு பெட்டிகள், பெட்டிக்கு நான்கு, ஆக இருபத்து நான்கு கறுப்புச் சுண்டெலிகள். எல்லாவற்றுக்கும் வேண்டுமென்றே ஒரு நோயைக் கொடுத்திருந்தார்கள். மனிதர்களுக்கு வருகிற மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்கு எலிக்குள் ஒரு நகல். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் செல்கள் புத்தி கெட்டு, மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பின் மேலே இருக்கும் உறையை அரித்துவிடும். உறை போனால் மூளை சொல்வது காலுக்குப் போய்ச் சேராது. எலிக்கு முதலில் வால் துவளும், பிறகு பின்னங்கால் தள்ளாடும், பிறகு இழுபடும்.

வால் துவண்ட அன்றிலிருந்து மூன்று பெட்டிக்கு நீலமூடி, மூன்று பெட்டிக்கு மஞ்சள்மூடி. ஒன்று மருந்து. மற்றது வெறும் சலைன், உப்புத்தண்ணீர். எது எது என்று மாடியில் மருந்து கலப்பவர் ஒருவருக்குத்தான் தெரியும். ஆராய்ச்சியை நடத்தும் டாக்டருக்கே தெரியாது. ஊசி போடுவதும் சிஸ்டர்தான், தினமும் ஒவ்வொரு எலிக்கும் மார்க் போடுவதும் சிஸ்டர்தான். நன்றாக ஓடினால் பூஜ்யம், வால் தொங்கினால் ஒன்று, பின்னங்கால் தள்ளாடினால் இரண்டு, இழுபட்டால் மூன்று. இங்கே மார்க் குறையக் குறையத்தான் சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் நாலு நாளாக அறை முழுக்க நிறைந்திருந்தது. நீலப் பெட்டி ஒன்றில் காது கிழிந்த எலி, போன வாரம் வயிற்றால் தேய்த்துக்கொண்டு போனது, இன்று கம்பி மூடியில் பிடித்துத் தொங்கியது! சிஸ்டர் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். பின்னங்கால் ஒன்று கம்பியைத் தேடித் துழாவியது, பிடித்தது, உடம்பை மேலே தூக்கியது. “அடி சக்கை!” என்று முகமூடிக்குள்ளேயே கத்திவிட்டாள்.

பேனாவை எடுத்தாள். இன்னும் லேசான தள்ளாட்டம் இருந்தது. ஒன்றரை என்று போட வேண்டும். கை ‘ஒன்று’ என்று எழுதிவிட்டது.

எழுதியதைப் பார்த்தாள். மஞ்சள் பெட்டி எலி இப்படித் தொங்கியிருந்தால் என்ன எழுதியிருப்பேன்? ஒன்றரைதான். சந்தேகமே இல்லை. நுரை கட்டுவது புரதம் கலந்த மருந்து என்று வார்டில் முதல் வருஷமே படித்த பாடம்; ‘குலுக்காதே, நுரைக்கும்’ என்று எத்தனை பேருக்கு அவளே சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அவளுக்கு எது மருந்து என்று தெரியும். தெரிந்துகொண்டு மார்க் போட்டுக்கொண்டிருக்கிறாள். போதாக்குறைக்கு, அந்த மருந்து ஜெயிக்க வேண்டும் என்று அவளைவிட ஆசைப்படுகிறவர் அந்தக் கட்டடத்திலேயே இல்லை.

காரணம் வீட்டில் இருந்தது.

அவள் நாத்தனார், கணவனின் தங்கை, கணக்கு டீச்சர். ஐந்து வருஷத்துக்கு முன்னால் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே வலது கால் துவண்டு போனது. நோயின் பெயர் தெரிய எட்டு மாதம் ஆனது: மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். இப்போது கைத்தடி, சாய்வு நாற்காலி, மடிமேல் ஒரு பலகை, பலகைமேல் பரீட்சைத் தாள் கட்டு. பள்ளிக்கூடம் போக முடியவில்லை என்று தாள்களை வீட்டுக்கே வரவழைத்துத் திருத்திக்கொண்டிருந்தாள். அண்ணன், அதாவது சிஸ்டரின் கணவன், லாரி ஓட்டிக்கொண்டு மாதத்தில் பாதி நாள் வெளியே. வீட்டில் இரண்டு பெண்களும் அவர்களுடைய வாயும்தான்.

அன்று சாயங்காலம் சிஸ்டர் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து வந்தது:

“எலிங்க எல்லாம் சௌக்கியமா அண்ணி? புகுந்த வீட்டு ஆளுங்களை விட அதுங்களைத்தானே நல்லாப் பாத்துக்கறீங்க.”

“அதுங்க வாயைத் திறக்காது. நீயும் ஒரு நாள் அப்படி இருந்து பாரு. உன்னையும் நல்லாப் பாத்துக்கறேன்.”

“நான் வாயை மூடினா உங்களுக்குத் தூக்கம் வராது.”

சிஸ்டர் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். நாத்தனாரின் விரல்கள் மரத்துப்போகும் நாள் என்றால் கோப்பைக்குக் கைப்பிடி பெரிதாக இருக்க வேண்டும். அந்தக் கோப்பையைத்தான் எடுத்து வந்திருந்தாள். அதைப் பற்றி இருவரும் பேசுவதில்லை.

“இன்னிக்கு பிசியோ வந்தாளா?”

“வந்தா. வந்து என்ன? நான் பத்தடி நடந்தா பன்னெண்டுன்னு எழுதறா. நான் எண்ணிக்கிட்டுத்தானே நடக்கறேன், எனக்குத் தெரியாதா? ‘பரவால்லைங்க மேடம், நீங்க முயற்சி பண்ணீங்கல்ல’ங்கறா. பாவம் பாத்துப் போடற மார்க் எனக்கு எதுக்கு அண்ணி? அந்த நோட்டை நம்பி டாக்டர் மாத்திரையைக் குறைச்சா என் காலுதானே போகும்?”

சிஸ்டர் தன் டீயைக் கீழே வைத்தாள்.

“ஒண்ணு கேக்கறேன்,” என்றாள். “இந்தத் தாளுங்கள்ல பேரை மடிச்சு ஒட்டியிருக்காங்கல்ல? ஒருவேளை கையெழுத்தை வெச்சு இது யாரோட தாள்னு உனக்குத் தெரிஞ்சிடுச்சுன்னா? அதுவும் உனக்குப் பிடிச்ச பொண்ணுன்னா?”

நாத்தனார் சிவப்புப் பேனாவை மூடினாள். கேள்வியின் நாற்றம் அவளுக்கு அடித்துவிட்டது. ஆனால் டீச்சர், முதலில் பதில், பிறகுதான் விசாரணை.

“அந்தக் கட்டையே வேற டீச்சர்கிட்ட தள்ளிடுவேன். நான் நியாயமாத்தான் போடுவேன்னு எனக்கு எவ்வளவு நம்பிக்கை இருந்தாலும் சரி. நியாயமாப் போடறேன்னு நினைக்கறவதான் முதல்ல அரை மார்க்கைத் தூக்கிப் போடுவா.” பிறகு கண்ணைச் சுருக்கினாள். “என்ன திருட்டுத்தனம் பண்ணிட்டு வந்திருக்கீங்க?”

“இன்னும் பண்ணலை. அரை மார்க் பண்ணியிருக்கேன்.”

“எந்த எலிக்கு?”

“சொன்னா நீ அதுக்கு சிபாரிசுக்கு வருவ. டீயைக் குடி.”

மறுநாள் பத்தாம் நாள். முதல் தொகுதிக்குக் கடைசி மார்க். சாயங்காலம் மாடிக்காரர் உறையைப் பிரித்து எது மருந்து என்று சொல்ல வேண்டும். அதற்கடுத்த காலை, பக்கத்து அறையில் வால் துவளத் தொடங்கியிருக்கும் இன்னொரு பதினாறு எலிகளுக்கு இதே குப்பிகளிலிருந்து ஊசி ஆரம்பம். சொல்வதென்றால் இன்று சொல்ல வேண்டும். சொன்னால் அவள் போட்ட மார்க் எல்லாம் குப்பைக்குப் போகலாம், அதோடு இருபத்து நான்கு எலிகளும் பத்து நாளும். கம்பியில் தொங்கிய காது கிழிந்தவனும் கதையில் இல்லாமல் போவான்.

டாக்டர் முப்பது தாண்டாத பெண். வேகமாக நடப்பவள், அதைவிட வேகமாகப் பேசுபவள். வரும்போதே வாசலில் மடக்கினாள் சிஸ்டர்.

“டாக்டர், எனக்கு எது மருந்துன்னு தெரிஞ்சு போச்சு.”

“என்னது! எது?”

“அதைக் கேக்காதீங்க. சொன்னா நீங்களும் கெட்டுப் போவீங்க. கெட்டது நான் ஒருத்தியோட நிக்கட்டும்.”

டாக்டர் திறந்த வாயை மூடினாள். “எப்படித் தெரிஞ்சுது?”

“ஒண்ணு நுரைக்குது. ஒண்ணு நுரைக்கலை. வார்டுல வேலை பாத்த எவளுக்கும் தெரியும். அஞ்சு நாளாத் தெரியும். முந்தியே சொல்லியிருக்கணும். நம்ம கை நம்மளை ஏமாத்தாதுன்னு நினைச்சேன். நேத்து ஏமாத்திடுச்சு.”

டாக்டர் சுவரில் சாய்ந்துகொண்டாள். முகத்தில் கோபம் வந்தது, போனது, மறுபடி வந்தது. மாடிக்குப் போன் போட்டாள். மருந்து கலப்பவர் மூச்சிரைக்க இறங்கி வந்தார். நல்ல மனிதர், சாமர்த்தியசாலி, ஆனால் வாழ்நாளில் ஒரு எலிக்குக்கூட ஊசி போட்டதில்லை. மருந்து ஒரு ஆன்டிபாடி, அதாவது ஒரு வகை எதிர்ப்புப் புரதம். அதற்கு ஈடாக, எந்த வேலையும் செய்யாத ஒரு வெற்று ஆன்டிபாடியைத்தான் மற்ற குப்பியில் வைத்திருக்க வேண்டும். அது வந்துசேரத் தாமதமானதால் சலைனை ஊற்றிவிட்டார்.

“ரெண்டும் தண்ணி மாதிரிதானே இருக்கு,” என்றார் பரிதாபமாக. “நான் வெளிச்சத்துல வெச்சுப் பார்த்தேன் சிஸ்டர். ஒரு வித்தியாசமும் இல்லை.”

“பார்த்தீங்க. தட்டுனீங்களா?”

“எதுக்குத் தட்டணும்?”

“அதான்.”

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகைக்குப் பக்கத்து வீட்டுச் சிரிப்பு. “சரி. இப்ப என்ன பண்றது?”

“பேரை மடிச்சு ஒட்டுங்க. கட்டை வேற டீச்சர்கிட்ட தள்ளுங்க.” நாத்தனாரின் குரல் தன் வாயில் வந்ததை சிஸ்டரே கவனித்தாள். “பெட்டி மேல இருக்கற அட்டையைத் திருப்பிப் போட்டு, இடத்தை மாத்தி வைங்க. இந்தப் பக்கமே வராத ஆள் ஒருத்தர் வந்து மார்க் போடட்டும்.”

இந்தப் பக்கமே வராத ஆள் என்றால் ஒருவர்தான் இருந்தார்: கீழ்த்தளத்தில் மீன் தொட்டிகளைப் பார்த்துக்கொள்பவர். எலி வாடை ஆகாது என்று படிக்கட்டில்கூடச் சுற்றிப் போவார். மருந்தைப் பற்றியும் தெரியாது, நீலம் மஞ்சளும் தெரியாது, அவருக்கு எலி ஜெயித்தாலும் ஒன்று தோற்றாலும் ஒன்று. இதைவிட உத்தமமான நடுவர் கிடைக்க மாட்டார்.

“நானா?” என்றார் மீன்காரர். “எலியைத் தொடவா? அந்தக் கையைத் தொட்டியில விட, என் மீனுங்க என்ன பாவம் பண்ணுச்சு?”

“தொட வேணாம் சார். நான் தூக்கறேன், நீங்க பாருங்க,” என்றாள் டாக்டர்.

“மருந்து என்ன பண்ணுதுன்னாவது சொல்லுங்க, விஷயம் தெரிஞ்சு பாக்கறேன்.”

சிஸ்டர் சொன்னாள்: “கலவரக்காரங்க ஒருத்தருக்கொருத்தர் போன் பண்ணித்தானே ஆள் சேக்கறாங்க? அந்த மாதிரி செல்லுங்களும் சேதி அனுப்பித்தான் நரம்பை அடிக்கக் கூட்டம் சேக்குது. சேதி வாங்கற இடத்துல போய் இந்த மருந்து உக்காந்துக்கும். ஆளை அடிக்கறதில்லை. போனைத்தான் கட் பண்ணுது.”

“நல்ல யோசனையா இருக்கே. என் மச்சானுக்கும் ஒரு ஊசி போடலாமா?”

அரை மணி நேரம் படங்களைக் காட்டிப் பழக்கினார்கள். பிறகு சிஸ்டரை வெளியே அனுப்பிவிட்டார்கள். அவள் முகத்தைப் பார்த்து அவர் மார்க் போட்டுவிடக் கூடாதே. தனக்குரிய கடைசி மார்க்கை அவள் காலையிலேயே போட்டு, தாளை மடித்து டாக்டரிடம் கொடுத்திருந்தாள். இன்று கை எதை எழுதியது என்று தன்னையே மூன்று முறை கேட்டுக்கொண்டு.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றாள். உள்ளே டாக்டர் எலியைத் தூக்குவதும் மீன்காரர் ஒரு கை தூரத்தில் நின்று கழுத்தை நீட்டுவதும் ஊமைப்படம் மாதிரித் தெரிந்தது. எந்த எலி எது என்று இங்கிருந்து தெரியவில்லை. ஒரு எலி கம்பியில் தொங்கியது. மீன்காரர் ஒரு அடி முன்னால் வந்தார். இன்னொரு அடி. முகமூடியை மூக்கோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு கிட்டத்தட்ட பெட்டிக்குள்ளேயே தலையை விட்டுவிட்டார். சிஸ்டர் இடுப்பில் வலி பிடித்ததைக்கூட உணரவில்லை. ஒன்றரை மணி நேரம் நின்றிருந்தாள்.

சாயங்காலம் டாக்டரின் அறையில் நால்வர். மேஜைமேல் இரண்டு மார்க் தாள், நோய் முற்ற முற்றக் குறையும் எலி எடைகளை எழுதிய தாள், ஒட்டிய உறை. டாக்டர் மார்க் தாள்களை நிறம் பார்த்துப் பிரித்துக் கூட்டினாள்.

“மஞ்சள். சிஸ்டர் போட்டது சராசரி ரெண்டரை. மீன் சார் போட்டது ரெண்டரை.”

அடுத்த கணக்கைக் கூட்டினாள்.

“நீலம். சிஸ்டர் போட்டது ஒண்ணு. மீன் சார் போட்டது... ஒண்ணேகால்.”

“ஒண்ணேகால்!” என்று சிஸ்டர் எழுந்தே விட்டாள். “அப்ப வித்தியாசம் இருக்கு! எது எதுன்னு தெரியாதவர் போட்டும் இருக்கு!”

“இருக்கு! எடையும் அதையேதான் சொல்லுது. தராசுக்கு யார் மேலயும் ஆசை கிடையாதே.” டாக்டர் உறையைக் கிழித்த வேகத்தில் உள்ளே இருந்த தாளும் பாதி கிழிந்தது. “நீலம்... நீலம்தான் மருந்து!”

மாடிக்காரர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். மீன்காரர், தனக்குச் சம்பந்தமில்லாத கல்யாணத்தில் மாலை விழுந்த ஆள் மாதிரி, “நான் நல்லாப் போட்டேனா?” என்று கேட்டார்.

“நீங்கதான் சார் போட்டீங்க. நான் கால் மார்க்கைத் தூக்கிட்டேன்,” என்றாள் சிஸ்டர். ஒன்றுக்கும் ஒன்றேகாலுக்கும் நடுவே இருந்த அந்தக் கால், அவளுடைய கை சாய்ந்த அளவு. இன்று அத்தனை ஜாக்கிரதையாகப் போட்டும் சாய்ந்திருக்கிறது. அதை அவள் மேஜைமேல் வைத்தே பார்த்தாள். “டாக்டர், இதை எழுதும்போது என் மார்க்கையும் போட்டு, இவளுக்கு எதுன்னு தெரிஞ்சிருந்ததுன்னும் எழுதுங்க. முந்தின நாள் மார்க் எதையும் கணக்குல சேக்காதீங்க.”

“கடைசி நாளும் எடையும் மட்டும்தான் எடுப்பேன். மத்ததுக்கு ரெண்டாவது தொகுதி இருக்கு. இந்தத் தடவை ஊசி நீங்க, மார்க் மீன் சார்.”

“நானா? மறுபடியுமா?” என்றார் மீன்காரர். ஆனால் குரலில் பழைய வெறுப்பு இல்லை. “அந்தக் காது கிழிஞ்சவன் இருக்கானே, அவன் ஏறின ஏத்தத்தைப் பாத்தீங்களா...”

“எவ்வளவு போட்டீங்க அவனுக்கு?”

“ஒண்ணரை.”

சிஸ்டர் தலையாட்டினாள். அது சரியான மார்க்.

வீட்டில் நாத்தனார் முழுக்கதையையும் கேட்டுவிட்டு, முதலில் அந்தக் கால் மார்க்கைச் சரிபார்த்தாள். “ஒண்ணேகாலுக்கு ஒண்ணு. அப்ப நீங்க அஞ்சுல ஒரு பங்கு கள்ளி.”

“ஆமா.”

“எலிக்கு.”

“எலிக்குத்தான். உனக்குன்னு நினைச்சுக்காதே. மனுஷங்க வரைக்கும் இது வர எத்தனையோ வருஷம் ஆகலாம், வராமலேயும் போகலாம். எலிக்குக் கேட்டது எத்தனையோ மனுஷங்களுக்குக் கேக்கலை.”

“எனக்குத் தெரியும் அண்ணி. நான் டீச்சர்.” கைத்தடியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “ஆனாலும் எழுந்திரிச்சதுல்ல?”

“தொங்குச்சு, ஏறுச்சு! பின்னங்கால் தானாத் தேடிப் பிடிச்சுது. நான் பாத்தேன், அந்த மீன்காரரும் பாத்தாரு.”

“சரி. நான் நடக்கறேன், நீங்க எண்ணுங்க. சத்தமா எண்ணுங்க. கூட்டிச் சொன்னீங்க, தடியாலேயே போடுவேன்.”

பதினோரு அடி. சிஸ்டர் பதினொன்று என்று எழுதினாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மாடிக்காரர் தட்டில் புதிதாக இரண்டு குப்பிகள் கொண்டுவந்து வைத்தார். ஒன்று பச்சை மூடி, ஒன்று வெள்ளை மூடி. வெற்று ஆன்டிபாடி முந்தாநாளே வந்து, யாரும் கவனிக்காமல் குளிர்பெட்டியில் கிடந்திருக்கிறது. அவர் போகாமல் அங்கேயே நின்றார்.

சிஸ்டர் கையுறை போட்டுக்கொண்டாள். பச்சைமூடிக் குப்பியை எடுத்துத் தட்டினாள். ஓரத்தில் நுரை கட்டியது. வெள்ளைமூடிக் குப்பியைத் தட்டினாள். நுரை கட்டியது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விளக்கடியில் குனிந்து, நுரை கரைய எடுக்கும் நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்தாள். தலைகீழாகப் பிடித்து வழிவதைப் பார்த்தாள். சிரிஞ்சில் இழுத்துத் தண்டு கனக்கிறதா என்று பார்த்தாள்.

“என்ன சிஸ்டர்?” என்றார் அவர், முழுப் பரீட்சைப் பயத்தோடு. “எது மருந்து?”

“தெரியலை,” என்றாள் சிஸ்டர். அவள் முகம் முழுக்க மலர்ந்திருந்தது. “எனக்கு ஒண்ணுமே தெரியலை!”

கதவுக்கு வெளியே மீன்காரர் பேனாவும் அட்டையுமாக வந்து நின்று கண்ணாடியைத் தட்டினார். “ஊசி முடியற வரைக்கும் அங்கேயே நில்லுங்க சார்,” என்று கத்திவிட்டு, முதல் எலியை எடுத்தாள்.